மளிகைப் பையை நிறுத்தலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் ஊர் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். கொரோனா ஊரடங்கின்போது 40 ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு மளிகைப் பை கொடுக்க ஆரம்பித்தோம். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், சோப்பு என்று ஒரு பைக்கு 700 ரூபாய் ஆகிறது. இன்றுவரை விடாமல் கொடுத்து வருகிறோம். இப்போது உறுப்பினர்களில் பாதிப் பேர், "இப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் முழுக்கக் கையேந்தத்தான் பழகுவார்கள். பையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் ஆளுக்கொரு தொழில் வைத்துக் கொடுப்போம்" என்கிறார்கள். போன வருடம் சோதனையாக 6 பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். இன்று இரண்டு வீடுகளில்தான் மிஷின் ஓடுகிறது. ஒன்றை விற்றுவிட்டார்கள். இன்னொன்று அடகில் இருப்பதாகக் கேள்வி. மற்ற இரண்டும் மூலையில் கிடக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு மீதிப் பாதிப் பேர், "இவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் தேறாது" என்கிறார்கள். ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வரை எங்களால் திரட்ட முடியும். என்ன செய்தால் இவர்கள் சொந்தக் காலில் நிற்பார்கள்?

பதில்: ஐயா, பையை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். தொழில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் உறுப்பினர்கள் நினைப்பது சரிதான். ஆனால் பையை நிறுத்திவிட்டுத்தான் தொழில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பை வந்துகொண்டிருக்கும் வீட்டில்தான் தொழில் வேர்விடும். மிஷின்கள் மூலைக்குப் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

அந்த ஆறு வீடுகளை நான் பார்த்ததில்லை. ஆனால் மகளிர் குழு வேலையில் இதே மாதிரி ஒரு வீட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கணவனை இழந்தவர். நடவு, களையெடுப்பு, அது இல்லாதபோது நூறு நாள் வேலை. மகன் எட்டாவது, மகள் ஐந்தாவது, கூடவே பார்வை மங்கிய மாமியார். ஒரு தொண்டு நிறுவனம் இவருக்குத் தையல் பயிற்சி கொடுத்து மிஷினும் கொடுத்திருந்தது. அந்த வீட்டின் வரவு செலவை மகளை விட்டு அவளுடைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மாதம் எழுதச் சொன்னோம். வரவுப் பக்கத்தில் மூன்றில் ஒரு நாள் சுழிதான். செலவுப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் ஒரு நாள்கூடத் தப்பாமல் இருந்தது: தண்டல் 100.

தண்டல் உங்களுக்குத் தெரியாததல்ல. 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு 15 சதவீதம் மாதிரி இருக்கும். அசல் தினம் தினம் குறைந்துகொண்டே வருவதையும், எல்லாம் நூறே நாளில் முடிந்துவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. தண்டல்காரரின் பைக் இன்றும் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறது.

இப்போது மிஷினுக்கு வருவோம். புதிதாகக் கற்ற கையை நம்பி யாரும் புதுத் துணியைக் கொடுப்பதில்லை. முதல் சில மாதம் வருவதெல்லாம் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, பழைய ரவிக்கையைப் பிரித்து அளவு கூட்டுவது, பள்ளிச் சீருடையில் அறுந்த கொக்கியை வைத்துக் கொடுப்பது. அதிலும் பாதிப் பேர் "அப்புறம் தர்றேன் அக்கா" என்று வாங்கிப் போவார்கள். லைனிங் வைத்த பிளவுஸ் தைக்கிற அளவுக்குப் பேர் வர ஆறு மாதமாவது பிடிக்கும். அந்த ஆறு மாதமும் கூலிக்குப் போகாமல் மிஷினில் உட்கார்ந்தால்தான் கை வரும். கூலிக்குப் போகாவிட்டால் தண்டலுக்கு என்ன பதில் சொல்வது? அந்த அம்மா கூலிக்கே போனார். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபோது, வீட்டில் விற்றால் காசாகும் என்று இருந்த ஒரே பொருள் அந்த மிஷின். அதுவும் போயிற்று. தொண்டு நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "ஆர்வமில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

உங்கள் ஆறு பேரில் நான்கு பேருக்கு ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். வறுமை என்றால் பணம் குறைவு என்று மட்டும் நாம் நினைக்கிறோம். வரும் பணமும் எந்த நாள் வரும் என்று தெரியாது. ஒரு காய்ச்சல், ஒரு கருமாதி, ஒரு பள்ளிக் கட்டணம் வந்தால் தாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. அந்த நிலையில் தொழில் தொடங்குவது துணிச்சலான சூதாட்டம். தோற்றால் அன்று இரவு உலை ஏறாது. அந்தப் பயம் இருக்கும்வரை எவ்வளவு கெட்டிக்காரியும் கூலியைத்தான் பிடித்துக்கொள்வாள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, உண்மைதான். வெறும் சோற்றைக் குழந்தை எத்தனை வேளை தின்னும்? மீதியை உங்கள் பை பார்த்துக்கொள்கிறது. அது கொடுக்கும் தைரியத்தை உங்கள் உறுப்பினர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஆறு வளரும் நாடுகளில் அரசுகள் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த திட்டங்களை அலசினார்கள். பணம் வாங்கியதால் வேலைக்குப் போவது குறைந்தது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 700 ரூபாய் மளிகையை வைத்துக்கொண்டு யாராலும் மாதம் முழுக்கப் படுத்திருக்க முடியாது ஐயா.

இந்த விஷயத்தில் எல்லாருக்கும் முன்னால் கற்றுக்கொண்டவர்கள் வங்கதேசத்துக்காரர்கள். 1972-ல் ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் அமைப்பு, சிறுகடன் கொடுப்பதில் உலகத்துக்கே பேர்போனது. அவர்களே ஒரு கட்டத்தில் கண்டுகொண்டது என்னவென்றால், கிராமத்தின் அடிமட்ட ஏழைகளை அந்தக் கடன் தொடவே இல்லை. வாரத் தவணை கட்ட முடியாதவர்களைக் குழுவே சேர்த்துக்கொள்ளாது. அவர்களும் பயந்து ஒதுங்கிக்கொள்வார்கள். நம் ஊரிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கின. முதலில் சேமிப்பு, பிறகு குழுவுக்குள்ளேயே கடன், அப்புறம்தான் வங்கி என்ற அந்த வரிசை லட்சக்கணக்கான பெண்களைத் தூக்கிவிட்டிருக்கிறது. ஆனால் எந்தக் கிராமத்துக் குழுவின் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், சந்தா கட்ட முடியாமல் மூன்றாம் மாதமே விலகிய பெயர் ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பெயர்கள்தான் உங்கள் பட்டியலில் இருப்பவை.

2002-ல் பிராக் அடிமட்ட ஏழைகளுக்கென்றே வேறொரு திட்டம் போட்டது. இதில் கடனே கிடையாது. மாடோ ஆடோ கோழியோ இலவசம். அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்கு வாராவாரம் சிறு படி. வளர்க்கப் பயிற்சி, கட்டாயச் சேமிப்பு, வைத்திய உதவி. வாரம் தவறாமல் ஒரு பணியாளர் வீட்டுக்கே வருவார். ஊர்ப் பெரியவர்கள் கொண்ட ஒரு குழு, இந்தப் பெண்ணை யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும். எல்லாம் இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகு விலகிக்கொள்வார்கள். அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த வழியாக வந்திருக்கின்றன.

இதையே எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் 10,000-க்கும் அதிகமான குடும்பங்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டன, கூடுதலாகச் சம்பாதித்தன. மேற்கு வங்கத்தில் பந்தன் அமைப்பு உதவிய குடும்பங்களைப் பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை. அங்கே ஆடு மாடு வெறும் தொடக்கம்தான். அதில் வந்த காசில் சிறு வியாபாரம் வைத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பினார்கள்.

உங்கள் அறக்கட்டளைக் கூட்டத்தில் இதில் ஒன்றை மட்டுமாவது சொல்லுங்கள். கானாவில் சில குடும்பங்களுக்கு முழு உதவியும், வேறு சில குடும்பங்களுக்கு ஆட்டை மட்டும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆடு மட்டும் வாங்கியவர்களிடம் நிலைத்த முன்னேற்றம் தென்படவில்லை. நீங்கள் மிஷின் மட்டும் கொடுத்தீர்கள்.

இந்தத் திட்டமும் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. ஹோண்டுராசில் கோழிகள் நோயில் செத்து மடிந்தன. நமக்குப் பக்கத்திலேயே மேதக் மாவட்டத்தில், இப்போது அது தெலங்கானா, இதே மாதிரி ஒரு திட்டம் கால்நடை வருமானத்தைக் கூட்டத்தான் செய்தது. ஆனால் மாட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்ததால் கூலி வருமானம் அதே அளவு குறைந்துவிட்டது. மொத்தத்தில் லாபம் சுழி. திட்டத்தில் சேராத குடும்பங்களும் அதே காலத்தில் கூலி வேலையிலேயே முன்னேறியிருந்தன. தமிழ்நாட்டில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நம் ஊரில் ஆள் கிடைத்தால் போதும் என்று கூலி கொடுக்கிறார்கள். கூலிக்குப் போகக்கூடிய திடமான பெண்ணிடம் போய் ஆட்டைக் கட்டினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது போலாகிவிடும். ஆடு யாருக்கு? குழந்தையை விட்டுப் போக முடியாதவருக்கு, முழங்கால் தேய்ந்து நடவுக்குக் குனிய முடியாதவருக்கு, மாற்றுத்திறனாளி மகனை வீட்டில் வைத்திருக்கும் தாய்க்கு.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் உறுப்பினர்களில் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் ஆசிரியர், வங்கி, மின்வாரியம், கம்பெனி வேலை என்றுதான் இருப்பார்கள். மாதச் சம்பளத்தின் நிம்மதி தெரிந்த நாம், ஏழை மட்டும் முதலாளியாகத்தான் ஆக வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? அந்த 40 வீடுகளில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளை இருந்தால் அவனுக்கு ஐடிஐ-யில் இடம் வாங்கிக் கொடுங்கள். ஓட்டுநர் பயிற்சிக்கும் உரிமத்துக்கும் பணம் கட்டுங்கள். நர்சிங் படிக்கும் பெண்ணுக்குப் பஸ் செலவையும் விடுதிக் கட்டணத்தையும் பாருங்கள். ஒரு மாதச் சம்பளம் வீட்டுக்குள் நுழைந்தால் தண்டல்காரர் தானாகவே வருவதை நிறுத்திவிடுவார்.

இனி உங்கள் மூன்றரை லட்சத்தை எப்படிப் பங்கிடலாம் என்று பார்ப்போம்.

உங்கள் பட்டியல் கொரோனாவில் போட்டது. அப்போது வேலையிழந்து கிடந்த சிலர் இப்போது நிமிர்ந்திருப்பார்கள். வீடு வீடாகப் போய் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். கேரளத்தில் 2021-ல் இப்படித்தான் தொடங்கினார்கள். அதிதீவிர வறுமையில் இருக்கும் குடும்பங்கள் என்று 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதினார்கள். ஒரு வீட்டுக்குச் சமைத்த சோறு, ஒரு வீட்டுக்கு மருந்து, ஒரு வீட்டுக்குக் கூரை. தொழில் தேவைப்பட்டது அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான். ரேஷன் அட்டையும் ஆதாரும் இல்லாததே பலருக்கு முதல் தடையாக இருந்தது. 2025 நவம்பர் 1-ல் அதிதீவிர வறுமை ஒழிந்தது என்று அறிவித்ததைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி கேட்டார்கள். அந்த வாதம் நமக்கு வேண்டாம். வீட்டுக்கொரு திட்டம் என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 40-லும் தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைச் சொந்தக் காலில் நிறுத்தப் போகிறோம் என்ற பேச்சே வேண்டாம். அவர்களுக்குப் பை கடைசிவரை போகட்டும். முதியோர் உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எது விட்டுப்போயிருக்கிறதோ அதை வாங்கிக் கொடுங்கள். இந்த வேலையில் உங்கள் பணத்தைவிட உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம். தாலுகா ஆபீசில் உங்களிடம் படித்தவர் ஒருவராவது இருக்க மாட்டாரா? ஒரு கிழவி எட்டு முறை நடந்து முடியாத காரியம், "சார் வந்திருக்கார்" என்றதும் முடியும். அது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் போய் நில்லுங்கள்.

இப்படிச் சலித்தால் பை 25 குடும்பங்களுக்குப் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். மிச்சம் 1,40,000. அதில் ஒரு லட்சத்தை ஐந்தே ஐந்து குடும்பங்களுக்கு, ஆளுக்கு 20,000 என்று ஒதுக்குங்கள். நாற்பதையும் ஒரே ஆண்டில் கரையேற்ற ஆசைப்படாதீர்கள். என்ன தொழில் என்பதை அவர்களே சொல்லட்டும். இட்லிக் கடையா, பூக்கட்டுவதா, ஆடா, ஓவர்லாக் மிஷினா? நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இந்தத் தெருவில் இதை ஏற்கெனவே எத்தனை பேர் செய்கிறார்கள்? முதல் ஆறு மாதம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? அந்த ஐந்து வீட்டுக்கும் தொழில் தொடங்கி ஓராண்டு வரை பை நிற்கக் கூடாது. அந்தப் பையால் மிச்சமாகும் காசில் பக்கத்து மகளிர் குழுவில் சந்தா கட்டச் சொல்லுங்கள். குழுவில் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். அங்கேயும் நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும்.

பெண்ணுக்குக் கொடுக்கும்போது வீட்டில் கணவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். தென்னிலங்கையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு 10,000, 20,000 ரூபாய் என்று கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஆண்களின் தொழிலில் அந்தப் பணம் நல்ல பலன் தந்தது. பெண்களின் தொழிலில் பலனே தெரியவில்லை. பெண்களுக்குச் சாமர்த்தியம் போதாது என்று சிலர் முடிவுகட்டினார்கள். பின்னால் துருவிப் பார்த்தால், பெண் பெயரில் வந்த பணம் கணவரின் கடைக்கோ ஆட்டோவுக்கோ போயிருந்தது. குடும்பத்துக்கு அது நஷ்டமில்லை; உங்கள் பதிவேட்டில் மட்டும் மிஷின் தூங்குவதாகத் தெரியும்.

மீதி 40,000-ஐ அவசர நிதியாக வையுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். சென்னையில் சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடனை ஓர் ஆய்வுக்காக ஒரேயடியாக அடைத்துப் பார்த்தார்கள். இதே சோதனை பிலிப்பைன்சிலும் நடந்தது. பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனில் இருந்தார்கள். இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, திருந்த மாட்டார்கள்" என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அவரிடம் கேளுங்கள்: கடனை அடைத்த மறுவாரம் குழந்தைக்கு டெங்கு வந்தால் அந்தச் சந்தையில் பூ விற்பவள் எங்கே போவாள்? பழைய கடன் அடைந்தது. அடுத்த அவசரத்துக்குக் கைகொடுக்க யாரும் இல்லை. உங்கள் நிதியிலிருந்து 3,000 ரூபாய் வரை வட்டியில்லாமல், கேட்ட அன்றே கிடைக்க வேண்டும். மனு, கமிட்டி, தீர்மானம் என்று மூன்று நாள் இழுத்தால் கேட்டவள் இரண்டாம் நாளே தண்டலுக்குப் போய்விடுவாள். ஊரில் எல்லாரும் நம்பும் இரண்டு பெண்களிடம் சாவியைக் கொடுங்கள். சில கடன் திரும்பாது. அதைச் செலவென்று எழுதிவிடுங்கள்.

தொழில் தொடங்கும் ஐந்து வீடுகளையும் வாராவாரம் போய்ப் பார்க்க ஆள் வேண்டும், இரண்டு ஆண்டுக்கு. இதை யாரும் செய்ய முன்வர மாட்டார்கள் என்பதால்தான் எல்லாரும் பொருளைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். (படம் வேண்டாம். பிளக்ஸ் பேனரும் வேண்டாம். கைநீட்டி வாங்கிய படம் தெரு முனையில் தொங்கினால், அந்த வீட்டுப் பெண் நாளைக்கு எந்த முகத்தோடு வாடிக்கையாளரிடம் விலை பேசுவாள்?) போகிறவர் அறிவுரை சொல்லப் போக வேண்டாம். இந்த வாரம் எவ்வளவு வந்தது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், சந்தா கட்டியாயிற்றா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இதற்குப் பொருத்தமானவர்கள். வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேச அவர்களால் முடியும்.

மூலையில் கிடக்கும் இரண்டு மிஷின்களையும் திருப்பிக் கேட்காதீர்கள். அந்த இரண்டு வீட்டையும் இந்த ஐந்தில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். தையல் வேண்டாம் என்றால் மிஷினை விற்று வேறு தொழிலுக்குப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆடு கேட்பவர்கள் இருந்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வாங்கிக் கட்டாதீர்கள், தை பிறக்கட்டும். சந்தையில் கண்ட ஆட்டை வாங்குவதைவிட பக்கத்து ஊரில் தெரிந்தவர் வீட்டுப் பெட்டை ஆடுகளாகப் பாருங்கள். கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு மருந்தும் கொடுத்து, காப்பீடும் எடுத்த பிறகு கயிற்றைக் கையில் கொடுங்கள்.